தொக்கணம் பழக வந்த மகளுக்கு

மகளே, உடம்பைப் பிடித்துவிடும் சித்த மருத்துவ முறையான தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலான ஒன்பது வகையும் உன் கைக்குச் சீக்கிரம் வந்துவிடும். வராமல் போகக்கூடியது வேறு. அதைச் சொல்கிறேன்.

1. கேட்டுவிட்டுத் தொடு. தோளுக்குக் கிடைத்த சம்மதம் தோளோடு முடிந்தது. இடுப்புக்கு மறுபடி கேள். நேற்று சரி என்றவர் இன்று வேண்டாம் என்றால் முகம் சுளிக்காதே.

2. ‘மௌனம் சம்மதம்’ என்ற பழமொழியைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட்டு வா. பயந்த உடம்பு எதிர்க்கும், ஓடும். இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் உறைந்துபோகும். என்றோ அடிபட்டவருக்கு அந்த உறைதல் நம் மேசைமேலும் வரும். பார்ப்பதற்கு அமைதியாகப் படுத்திருப்பது போலவே இருக்கும். மூச்சைப் பிடித்துவைத்திருக்கிறாரா, விரல்கள் மடங்கியிருக்கின்றனவா, கண் எங்கோ நிலைகுத்தியிருக்கிறதா என்று பார். கையை வெடுக்கென்று எடுக்காதே. எடுக்கப்போகிறேன் என்று சொல்லி மெல்ல எடு. துணியைப் போர்த்து. அவர் எழுந்து உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றட்டும். எண்ணெய் எங்கேயும் போய்விடாது.

3. குப்புறப் படுக்கச் சொல்வது நமக்குப் பழக்கம், சிலருக்கு அது பயங்கரம். உள்ளங்காலில் அடிப்பதும் கையைப் பின்னால் கட்டித் தொங்கவிடுவதும் பல நாடுகளில் நடந்த சித்திரவதைகள், இலங்கையிலும் நடந்தன. வன்னியிலிருந்து வந்த ஒருவர், “காலைத் தொடலாமா?” என்று நான் கேட்டதுமே எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. நாற்காலியில், சட்டையோடு, தோளை மட்டும் பிடித்துவிட்டேன். பல மாதம் அப்படியே போயிற்று. ஒருநாள் அவராகவே செருப்பைக் கழற்றி, “இண்டைக்குக் கால் பாருங்கோ அம்மா” என்றார்.

4. கதையைத் தோண்டாதே, தானாக வந்தால் கேள். இலங்கைப் போர் தந்த துயரம் தலைவலியாகவும் உடல்வலியாகவும் மருத்துவரிடம் வருவதை யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். 1998-இல் வந்த அவருடைய ‘ஸ்கார்டு மைண்ட்ஸ்’ நூலைத் தேடிப் படி. வலி நம்மிடம் வந்தாலும் மனத்துக்கு மருத்துவம் செய்ய நாம் படிக்கவில்லை. நம்பி அனுப்ப ஒரு மனநல மருத்துவரைத் தெரிந்து வைத்துக்கொள்.

5. “நீங்க சொன்னா சரிதாம்மா” என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்தான் எனக்குக் கவலை. புகழ்ச்சி என்று மயங்காதே. அழுத்தம் எவ்வளவு, விளக்கு எரியட்டுமா, கதவைச் சாத்தலாமா, எல்லாவற்றையும் அவரிடமே கேள். ஒருநாள் பாதியில், “இன்னைக்குப் போதும்” என்பார். உடனே நிறுத்து, உள்ளுக்குள் சந்தோஷப்படு. அன்றைக்கு முழுக் கட்டணம் வாங்காதே.