மின் வாகனமும் எங்கள் தெரு மின்மாற்றியும்

(இறுதியாண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை)



மின் வாகனம் என்றாலே நம் வகுப்பில் ஒரே கேள்விதான்: "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" எந்த நேரத்தில் சார்ஜ் போடுவது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, சென்ற மார்ச் மாதம் எங்கள் தெருவில் ஃபியூஸ் போகும் வரை.

என் அப்பா கோவையில் பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறார். கடனில் வாங்கிய வண்டி. பிளஸ் டூ தேர்வு எழுதும் ஐந்து பிள்ளைகளைத் தேர்வு மையத்துக்கு அழைத்துச் செல்லும் சவாரி அவருக்கு அமைந்திருந்தது. அன்று கூடுதல் சவாரி போய்விட்டு, பேட்டரியில் ஒரு கோடுகூட இல்லாமல் இரவு 7 மணிக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் சார்ஜரைச் சொருகினார். பத்தே நிமிடம், 'டப்' என்று ஒரு சத்தம். எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாம் இருட்டு.

மின்சாரம் திரும்பி வந்தது மறுநாள் காலை 9 மணிக்கு. அதற்குள் அப்பா பக்கத்துத் தெரு பெட்ரோல் ஆட்டோக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, பிள்ளைகளை மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனாலும் இரண்டு வீட்டார் அன்றே வேறு ஆட்டோ பார்த்துக் கொண்டார்கள். மாதத் தவணை கட்ட வேண்டிய மனிதருக்கு அது சின்ன அடியல்ல.

ஃபியூஸ் போட வந்த லைன்மேன் அண்ணன் சொன்னார்: "எல்லாரும் ஏழு மணிக்கே சொருகிப் போடறீங்க. அப்புறம் ஃபியூஸ் எப்படித் தம்பி நிக்கும்? டிப்ளமோ படிக்கற, நீயே கணக்குப் போட்டுப் பாரு."

போட்டேன். அதுதான் இந்தக் கட்டுரை.

ஃபியூஸ் ஏன் போனது?

எங்கள் தெருவில் இருப்பது 63 கே.வி.ஏ. மின்மாற்றி. மூன்று ஃபேஸுக்கும் பங்கிட்டால் ஒரு ஃபேஸுக்கு 21 கே.வி.ஏ. பவர் ஃபேக்டர் 0.9 என்று கொண்டால் ஏறத்தாழ 19 கிலோவாட். எங்கள் ஃபேஸில் உள்ள வீடுகளின் மாலை நேரச் சுமை (விளக்கு, டி.வி., கிரைண்டர், ஏ.சி. எல்லாம் சேர்த்து) சுமார் 16 கிலோவாட். அதே ஃபேஸில் மூன்று ஆட்டோக்கள், தலா 2 கிலோவாட்: 6. நான்கு ஸ்கூட்டர்கள், தலா 0.75 கிலோவாட்: 3. மொத்தம் 25 கிலோவாட்! 19 தாங்கும் இடத்தில் 25 ஏற்றினால் என்ன ஆகும்?

இப்போது இதே ஏழு வண்டிகளை இரவு 11 மணிக்கு மேல் சொருகுங்கள். வீடுகளின் சுமை அப்போது சுமார் 8 கிலோவாட். அதோடு வண்டிகளின் 9. மொத்தம் 17. ஃபியூஸ் நிற்கும். புது மின்மாற்றி வேண்டாம், தடித்த கம்பி வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நாளெல்லாம் ஓடிய லித்தியம் பேட்டரி சூடாக இருக்கும். ஆறிய பிறகு சார்ஜ் போட்டால் அதன் ஆயுள் கூடும்.

பிரேக்கில் போகும் யூனிட்

அடுத்த கணக்கு ஓட்டும் முறை பற்றியது. அப்பாவின் வண்டி ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 75 வாட் மணி எடுக்கிறது. நாளுக்கு 90 கிலோமீட்டர் என்றால் 6.75 யூனிட். சார்ஜரிலும் பேட்டரியிலும் வெப்பமாகப் போகும் இழப்பைச் சேர்த்தால் மீட்டரில் ஏறுவது 8 யூனிட்.

ஆட்களோடு வண்டியின் எடை 700 கிலோ. 36 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 10 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் 35,000 ஜூல், அதாவது ஏறத்தாழ 10 வாட் மணி. பிரேக்கை மிதித்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இது சூடாகிக் காற்றில் போகிறது. நாளுக்கு நூறு முறை நின்றால் ஒரு யூனிட் காலி!

'ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்' இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும். ஆனால் முழுவதும் திரும்பாது. மோட்டார், கண்ட்ரோலர், பேட்டரி மூன்றும் தத்தம் கமிஷனை எடுத்துக் கொள்ளும். சிக்னல் சிவப்பாவதைத் தூரத்திலேயே பார்த்து ஆக்ஸிலரேட்டரை விட்டு, உருண்டு போவதே சிறந்த சிக்கனம். டயரில் காற்றும் சரியாக இருக்க வேண்டும்.

நகரம் என்ன செய்யலாம்?

2015 ஜூனில் ஸ்மார்ட் சிட்டி திட்டம் தொடங்கியது. 2016 ஜனவரியில் வந்த முதல் 20 நகரங்களின் பட்டியலிலேயே சென்னையும் நம் கோவையும் இடம் பெற்றன. நம் குளக்கரைகள் அழகானது நாமறிந்ததே. ஆனால் நகரம் புத்திசாலியாவது அழகில் மட்டுமா? எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று அறிவதிலும் இருக்கிறது.

சீனாவின் ஷென்சென் நகரம் 2017 இறுதிக்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட நகரப் பேருந்துகள் அனைத்தையும் மின் பேருந்துகளாக்கியது. அங்கே பெரும்பாலும் கட்டணம் குறைந்த இரவு நேரத்தில்தான் சார்ஜ் போடுகிறார்கள். நம் சென்னையிலும் 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின் பேருந்துகள் புறப்பட்டன. ஒரு பணிமனையில் 20 பேருந்துகள் தலா 100 கிலோவாட் வீதம் ஒரே நேரத்தில் சார்ஜ் ஆனால் 2,000 கிலோவாட். எங்கள் தெரு மின்மாற்றியைப் போல் முப்பதுக்கும் மேல் வேண்டும். முறைவைத்துக் கொடுத்தால்தான் கட்டுப்படியாகும்.

இன்னொரு வழி, நண்பகல் வெயில். சூரிய மின்சாரம் மிகுதியாக வரும் நேரம் அது. ஆட்டோ ஸ்டாண்டிலேயே சார்ஜ் போட வசதி இருந்தால், சாப்பிட்டு இளைப்பாறும் இரண்டு மணி நேரத்தில் 4 யூனிட் ஏறிவிடும். இழப்பு போக 45 கிலோமீட்டர் ஓடலாம். சிக்னல்கள் ஒன்றோடொன்று பேசி அடுத்தடுத்துப் பச்சை காட்டினால், நான் மேலே சொன்ன பிரேக் கணக்கும் குறையும்.

டீக்கடைச் சுவரில் ஒரு தாள்

நகரம் செய்யும்போது செய்யட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. ஏழு வண்டிக்காரர்களையும் பார்த்துப் பேசினேன். அப்பாதான் முதலில் மறுத்தார். "ஏன் கண்ணு, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் யாரு முழிச்சிருக்கறது?" நான் டைமர் சுவிட்ச் ஒன்று வாங்கிப் பொருத்தினேன். ஆட்டோக்கள் 11 முதல் 3 வரை, ஸ்கூட்டர்கள் 3 முதல் 6 வரை என்று எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டினோம்.

அந்தக் கோடை முழுவதும் எங்கள் ஃபேஸில் ஃபியூஸ் போகவில்லை. சப் மீட்டர் வைத்து அளந்ததில், அதே 90 கிலோமீட்டருக்கு 8 யூனிட் ஏறிய இடத்தில் இப்போது 7 ஏறுகிறது. விலகிப்போன இரண்டு வீட்டாரில் ஒரு வீட்டார் திரும்பி வந்துவிட்டார்கள்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் மின் வாகனத் துறைக்குத்தான் வேலைக்குப் போகப் போகிறோம். பெரிய பேட்டரி செய்வது பெரிய கம்பெனிகளின் வேலையாக இருக்கலாம். உங்கள் தெருவில் எத்தனை வண்டி, எந்த ஃபேஸ், எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பது நம் வேலை. இன்றிரவே பாருங்களேன்!