முடி கொட்டுவது புரிகிறது. விரல் ஏன் மரத்துப்போகிறது?



படிவம் 4 உயிரியலில் மைட்டாசிஸ் பாடம் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு கேள்வி வந்துவிடும். “டீச்சர், கீமோதெரபி எடுத்தால் ஏன் முடி கொட்டுகிறது?” பதில் எளிது. புற்றுநோய் உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. பிரியும் உயிரணுவைத் தாக்குவதுதான் பெரும்பாலான கீமோ மருந்துகளின் வேலை. முடி வேரிலும் குடலின் உட்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் உள்ள நல்ல உயிரணுக்களும் வேகமாகப் பிரிபவை. ஆகவே அவையும் அடிபடுகின்றன. இதை நானும் பல ஆண்டுகள் வெண்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன்.

என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோதுதான் அந்தப் பதிலில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது. வாரம் ஒரு முறை என 12 வாரத்துக்கு அவருக்குப் பேக்லிடாக்சல் என்ற மருந்து ஏற்றினார்கள். ஏழாவது வாரம் இருக்கும். வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் பூத் தொடுக்க உட்கார்ந்தவர், நூலைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். “நூலு விரல்ல இருக்கா இல்லையான்னே தெரியலம்மா. பார்த்தாத்தான் தெரியுது” என்றார். விசாரித்தால், கால்விரல்கள் அதற்கு முன்பே மரத்துவிட்டனவாம். சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு நடப்பதுபோல் இருக்கிறதாம். இரவில் பாதத்தில் ஊசி குத்துவதுபோலவும் எரிவதுபோலவும் வலி.

முதிர்ந்த நரம்பணு பிரிவதே இல்லை. பிரியாத உயிரணுவை, பிரிவதைத் தடுக்கும் மருந்து எப்படித் தாக்கியது?

ஒரே குழல், இரண்டு வேலை

மைட்டாசிஸ் படத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். குரோமோசோம்களை உயிரணுவின் இரு முனைகளுக்கும் இழுத்துச் செல்லும் கதிர்க்கோல் இழைகள் இருக்கின்றன அல்லவா? அவை நுண்குழல்களால் ஆனவை. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவாகும் இந்தக் குழலின் விட்டம் சுமார் 25 நானோமீட்டர். துண்டுகள் சேர்ந்தால் குழல் நீளும், கழன்றால் சுருங்கும். இப்படி நீண்டும் சுருங்கியும்தான் உயிரணுப் பிரிவு நடக்கிறது.

பேக்லிடாக்சல், நுண்குழலைக் கழலவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. சூசன் ஹார்விட்ஸ் என்ற அமெரிக்க அறிவியலாளரின் குழு இதை 1979-இல் கண்டறிந்தது. வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்து இதற்கு நேர் எதிர். டியூபுலின் துண்டுகளை ஒன்றுசேரவே விடாது. எப்படியானாலும் பிரிவு பாதியிலேயே நின்று, புற்றுநோய் உயிரணு மடிகிறது.

வின்கிரிஸ்டின் எந்தச் செடியிலிருந்து கிடைத்தது தெரியுமா? நித்தியகல்யாணி. மலாயில் கெமுந்திங் சீனா என்பார்கள். நம் ஊரில் வேலி ஓரத்தில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக்கிடக்கும் அதே செடிதான். (அதற்காக யாரும் இலையைப் பறித்து மென்று பார்க்க வேண்டாம். அது நச்சுச் செடி.)

இப்போது நரம்பணுவுக்கு வருவோம். அது பிரிவதில்லை என்றாலும் அதற்குள்ளும் நுண்குழல்கள் ஏராளம். அங்கே அவற்றுக்கு வேறு வேலை. அவை சரக்கு போகும் தண்டவாளங்கள். உங்கள் கால்விரலில் தொடுவுணர்வு தரும் நரம்பணுவின் உடற்பகுதி கால்விரலில் இல்லை. கீழ்முதுகில், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கால்விரல் வரை ஒரே இழையாக ஓடும் ஆக்சானின் நீளம் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 1 மீட்டர். உட்கரு இருப்பதோ உடற்பகுதியில்தான். ஆகவே நரம்பு முனைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பங்கு அங்கே தயாராகி, நுண்குழல்மீது ஏறிப் பயணம் செய்து வரவேண்டும். மிக வேகமான சரக்கே ஒரு நாளைக்குச் சுமார் 400 மில்லிமீட்டர்தான் நகரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கால்விரலைச் சென்றடைய இரண்டரை நாள்.

தண்டவாளம் பழுதானால் எந்த நிலையத்துக்கு முதலில் சரக்கு வராமல் போகும்? கடைசி நிலையத்துக்கு. அதனால்தான் பெரும்பாலும் கால்விரல் நுனி முதலில் மரத்துப்போகிறது. பிறகு பாதம், அப்புறம் கைவிரல்கள். காலுறையும் கையுறையும் அணியும் இடங்களில் இந்த உணர்விழப்பு பரவுவதால், இதை ‘கையுறை-காலுறை’ வடிவம் என்றே மருத்துவர்கள் அழைக்கின்றனர். சாக்குத் துணி சுற்றியதுபோல் என்று அத்தை சொன்னது உடற்கூற்றியல்படியும் சரியான வருணனைதான்!

நுண்குழல் மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். நரம்பணுவின் மைட்டோகாண்டிரியாவும் இந்த மருந்துகளால் பாதிக்கப்படுகிறது. சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகை மருந்துகள் நுண்குழலைத் தொடுவதில்லை, டிஎன்ஏ-வைத் தாக்குகின்றன.

கை அசைகிறது, உணர்வு மட்டும் போகிறதே?

அத்தையால் விரலை மடக்க முடிந்தது. நூலைத்தான் உணர முடியவில்லை. தசையை இயக்கும் நரம்பணுக்களின் உடற்பகுதி தண்டுவடத்துக்குள் இருக்கிறது. அங்கே இரத்தத்திலுள்ள பல பொருள்களை உள்ளே விடாத தடுப்பு உண்டு. உணர்ச்சி நரம்பணுக்களின் உடற்பகுதியோ தண்டுவடத்துக்கு வெளியே, முதுகுப்புற வேர் நரம்புமுடிச்சில் உள்ளது. அங்கு அப்படிப்பட்ட வலுவான தடுப்பு இல்லாததால் மருந்து எளிதில் புகுந்துவிடுகிறது. (வின்கிரிஸ்டின் போன்ற சில மருந்துகள் தசைப் பலவீனத்தையும் தரலாம்.)

உணர்வு குறைகிறது, சரி. வலி எங்கிருந்து வந்தது? காயம்பட்ட நரம்பு சும்மா இருப்பதில்லை. யாரும் தொடாதபோதும் தானாக மின்துடிப்புகளை அனுப்புகிறது. மூளைக்கு அது பொய்ச்செய்தி என்று தெரியாது. பாதத்தில் புண் இல்லை, வீக்கம் இல்லை, ஆனால் எரிகிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பாசாங்குபோலத் தோன்றும். எங்கள் வீட்டிலும் ஓரிருவர் அப்படித்தான் பேசினார்கள்.

பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் ஆக்ஸாலிபிளாட்டின் இன்னொரு விசித்திரத்தைச் செய்யும். மருந்து ஏற்றிய சில நாள்களுக்குக் குளிர்ச்சி பட்டாலே விரலில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும். குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை இறுகுவதுபோல் தோன்றும். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று அவருக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். குளிர்பெட்டியில் கைவிடும் வேலையை நீங்கள் செய்துகொடுங்கள், அல்லது கையுறை மாட்டச் சொல்லுங்கள்.

நான் செய்த தவறு

அத்தையின் கால்வலியைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் இரவு நான்தான் சுடுநீர்ப் பையில் நீர் நிரப்பி, ஒத்தடத்துக்காகப் பாதத்தின்கீழ் வைத்தேன். “சூடு போதுமா அத்தை?” என்று கேட்டேன். “ஒண்ணும் தெரியல, இருக்கட்டும்மா” என்றார். மறுநாள் காலையில் குதிகாலில் கொப்புளம். ஆறுவதற்கு மூன்று வாரம் ஆனது.

அனிச்சைச் செயல் பாடத்தை நானே நடத்துகிறேன். சூடான பொருளைத் தொட்டால் உணர்ச்சி நரம்பணு தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும், இயக்க நரம்பணு தசையைச் சுருக்கும், கை பின்வாங்கும். முதல் கண்ணி அறுந்தால் மற்றவை நன்றாக இருந்தும் பயனில்லை. “ஒண்ணும் தெரியல” என்ற சொல்லே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

அதன்பிறகு வீட்டில் சிலவற்றை மாற்றினோம். குளிக்கும் நீரை மரத்த விரலால் சோதிக்காமல் முழங்கையால் சோதிப்பது, அல்லது எங்களில் ஒருவர் தொட்டுப் பார்ப்பது. அடுப்படியில் தடித்த கையுறை. வழுக்கும் கால்மிதிகளை எடுத்துவிட்டு, கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு போட்டோம். பாதம் தரையை உணராதபோது உடல் சமநிலைக்குக் கண்ணை நம்பியிருக்கிறது, இருட்டில் அதுவும் இல்லை. நாம் வீட்டுக்குள் செருப்பு போடுவதில்லை என்பதால் அத்தைக்கென்று தனியாகக் குதிகால் மூடிய மென்மையான காலணி வாங்கினோம். நண்பகலில் கோயில் வெளிப்பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றுவதை அவர் நிறுத்திக்கொண்டார். தினமும் படுக்கும்முன் பாதத்தில் வெட்டோ கொப்புளமோ இருக்கிறதா என்று என் மகன் டார்ச் அடித்துப் பார்ப்பான். இந்த வேலையை உங்களில் யாரும் செய்யலாம்.

சொல்லாமல் மறைத்தது

மரத்துப்போனதை அத்தை மருத்துவரிடம் மூன்று வாரம் சொல்லவே இல்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பிவிடும் என்ற பயம். பல நோயாளிகள் இப்படி மறைக்கிறார்கள். உண்மையில் மருத்துவருக்குப் பல வழிகள் உண்டு. அளவைக் குறைக்கலாம், ஓரிரு வாரம் தள்ளிப்போடலாம், வேறு மருந்துக்கு மாறலாம். நரம்பு மோசமாகச் சேதமடையும் முன்பே சொன்னால்தான் அந்த வழிகள் பயன்படும். பிளாட்டினம் மருந்துகளில், நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்குப் பாதிப்பு கூடிக்கொண்டே போகலாம் என்பதால் இது இன்னும் முக்கியம். நீரிழிவு உள்ளவர்களுக்கு நரம்பு ஏற்கெனவே பலவீனமாக இருக்கக்கூடும். அவர்கள் சிகிச்சை தொடங்கும் முன்பே அதைக் குறிப்பிட வேண்டும்.

வலிக்கு மருந்து உண்டா? 2013-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 231 நோயாளிகள் கலந்துகொண்டனர். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் துலோக்சிடின் மாத்திரையை முதலில் எடுத்தவர்களில் 59 விழுக்காட்டினர் வலி குறைந்ததாகக் கூறினர். மருந்தே இல்லாத போலி மாத்திரையை எடுத்தவர்களில் 38 விழுக்காட்டினரும் அப்படியே கூறினர்! ஆய்வில் கட்டுப்பாட்டுக் குழு ஏன் வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். 59 என்பதை மட்டும் பார்த்தால் மருந்தின் ஆற்றலை மிகையாக மதிப்பிட்டுவிடுவோம். துலோக்சிடின் வலியைக் குறைக்கிறது, நரம்பைச் சரிசெய்வதில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து அது.

“நரம்புக்கு நல்லது” என்று உறவினர்கள் வாங்கிவரும் சத்து மாத்திரைகள் வேறு கதை. அசிட்டைல் கார்னிட்டின் என்ற சத்துப்பொருள் நரம்பைக் காக்கும் என்று நம்பி, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற 409 பெண்களிடம் சோதித்தார்கள். எடுத்துக்கொண்டவர்களுக்குப் பாதிப்பு கூடுதலானது. வைட்டமின் பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பை மரத்துப்போகச் செய்யும். புட்டியை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டாமல் திறக்க வேண்டாம். நடைப்பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் பலருக்கு உதவுகின்றன.

செய்து பாருங்கள்

இரண்டு பற்குச்சிகளையும் ஓர் அளவுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நண்பரைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியை இரு குச்சிகளாலும் ஒரே நேரத்தில் மெல்லத் தொடுங்கள். இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடைவெளியில் அவர் “ஒரு புள்ளிதான்” என்கிறார்? விரல் நுனியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை இரண்டாகத் தெரியும். முன்கையில் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் தேவைப்படும். உணர்விகளின் அடர்த்தியே காரணம். பூ நூலை உணர்வதும் சட்டைப் பொத்தான் போடுவதும் அந்த 2 மில்லிமீட்டர் கூர்மையை நம்பித்தான். மருத்துவமனையில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பின்மேல் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று சோதிப்பார்கள். இயற்பியல் கூடத்தில் நீங்கள் பயன்படுத்தும் அதே வகைக் கருவிதான்.

சேதமடைந்த ஆக்சான் மீண்டும் வளரும். நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். பாத நீளம் 25 சென்டிமீட்டர் என்றால் 250 நாள். எல்லாருக்கும் முழுமையாகத் திரும்புவதும் இல்லை. சிகிச்சை முடிந்து பதினான்கு மாதமான பிறகு, அத்தை மறுபடி பூத் தொடுத்தார். முல்லையை இன்னும் அவரால் கட்ட முடியவில்லை, காம்பு மெல்லியது. சாமந்தி வாங்கிவரச் சொல்கிறார். கால்விரல் நுனி இப்போதும் மரத்தே இருக்கிறது. டார்ச் வேலை தொடர்கிறது.