வாரம் ஒரு விரதம்

கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்தில் மாணவர் விடுதியின் அறைகளை ஒருமுறை சுற்றி வருவோர்க்கு ஒரு காட்சி தவறாது புலப்படும். சுவர்தோறும் புதியதொரு கால அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். விடியற்காலை நான்கரைக்கு எழுதல், ஐந்துக்குத் தேகாப்பியாசம், ஐந்தரைக்குக் கணிதம், ஆறரைக்கு ஆங்கிலச் செய்யுள் என இவ்வாறு இரவு பத்து மணி வரையில் ஒரு நாழிகையும் வீணாகாதபடி, சிவப்பு மையாலும் பச்சை மையாலும் கோடிட்டு, அச்சிட்டதுபோல் வரைந்திருப்பர். ஆடி பிறப்பதற்குள் அதன் மூலைகள் பெயர்ந்துவிடும். ஆவணியில் அதனை மறைத்துக்கொண்டு துவைத்த சட்டையொன்று தொங்கும். இதனை எழுதுவோன் தன் மாணவப் பருவத்தில் இத்தகைய அட்டவணைகள் மூன்று வரைந்தவனாதலின், பிறரை நகையாடும் உரிமை தனக்கு இல்லையென்பதை முன்னரே ஒப்புக்கொள்கின்றான்.

இவ்வட்டவணைகள் அழிவதற்குச் சோம்பலே காரணம் என்று பெரியோர் கூறுவர். அஃது ஒருபுடை உண்மையேயாயினும் முழுவுண்மையன்று. சோம்பேறி அட்டவணை வரைவதில்லை. ஒரே காலையில் பத்துப் பழக்கங்களை விடுத்துப் பத்துப் பழக்கங்களைக் கைக்கொள்ள முயல்வதே பெரும்பிழை. இப்பிழையை நன்குணர்ந்து, அதற்கு மாற்றாக வாரத்திற்கு ஒன்றே என்னும் முறையைக் கண்டு, தன்மேல் தானே சோதித்து, அச்சோதனையின் வெற்றி தோல்வி இரண்டையும் மறையாது எழுதிவைத்தவர் ஒருவர் உளர். அவரே அமெரிக்க நாட்டுப் பெஞ்சமின் பிராங்கிளின்.

பிராங்கிளின் 1706-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில், மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்ற ஒரு தந்தைக்கு மகனாகப் பிறந்தார். பள்ளியில் பயின்றது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. பன்னிரண்டாம் வயதில் தமையனாருடைய அச்சுக்கூடத்தில் தொழில் பயிலச் சேர்ந்தார்; பதினேழாம் வயதில், 1723-இல், அவரோடு பிணங்கிப் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார். பின்னர் அவர் விஞ்ஞானியாகவும் இராஜதந்திரியாகவும் விளங்கியது யாவரும் அறிந்த சரித்திரம். ஈண்டு நாம் கருதுவது, அந்நகரில் சொந்த அச்சுக்கூடம் வைத்து, கடனைச் சிறிது சிறிதாகத் தீர்த்துவந்த இளைஞரான பிராங்கிளினை மட்டுமே.

அவ்விளைஞர்க்கு ஒருநாள் ஒரு பேராசை தோன்றிற்று. குற்றம் ஒன்றும் இன்றி வாழ்ந்துவிடுதல் வேண்டும் என்பதே அது. நன்மை இன்னது, தீமை இன்னது என்பது தமக்குத் தெரிந்திருக்க, நன்மையையே செய்து தீமையை விலக்குவதில் என்ன வருத்தம் என எண்ணினார். சில நாட்களிலேயே வருத்தம் இன்னதெனத் தெரிந்துவிட்டது. ஒரு குற்றத்தைக் காத்துக்கொண்டிருக்கையில் மற்றொரு குற்றம் பின்வாயிலால் நுழைந்தது. அறிவு ஒன்று, பழக்கம் வேறு என்பதைக் கண்டுகொண்ட அவர், பழக்கத்தை வெல்லப் பழக்கமே வேண்டும் என்று துணிந்து ஒரு முறை வகுத்தார்.

முதலில் தமக்கு வேண்டிய நற்குணங்களைப் பட்டியலிட்டார். மிதவுணவு, நாவடக்கம், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், முயற்சி, வாய்மை, நீதி, நிதானம், தூய்மை, மனவமைதி, கற்பு எனப் பன்னிரண்டு. இப்பட்டியலை நண்பர் ஒருவரிடம் காட்ட, அவர், நீர் செருக்குடையவர் என்று ஊரார் எண்ணுகின்றனரே என்று கூறிச் சான்றுகளும் எடுத்துக்காட்டினாராம். பதின்மூன்றாவதாகப் பணிவு சேர்ந்தது அதன் பின்னரே. குணங்களின் பெயரை மட்டும் எழுதி விடாமல், ஒவ்வொன்றின் கீழும் தாம் செய்ய வேண்டுவது இன்னது, செய்யலாகாதது இன்னது எனச் சுருக்கமாக எழுதினார். பெரிய சொல்லொன்றை ஆளுக்கொரு பொருளில் வழங்குதல் உலகியல்பாதலின், பெயர்கள் பலவாயினும் ஒவ்வொரு பெயரின் எல்லையும் சிறிதாயிருத்தல் நன்று என்பது அவர் கருத்து. நம் மாணவர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். ‘இவ்வாரம் நன்றாகப் படிப்பேன்’ என்பது விரதமன்று. நன்றாகப் படித்தோமா இல்லையா என்பதைச் சனிக்கிழமையன்று எவன் தீர்ப்பான்?

அடுத்து ஒரு சிற்றேடு செய்தார். பக்கத்துக்கு ஏழு பத்திகள், நாளுக்கொன்றாக. குறுக்கே பதின்மூன்று வரிகள், குணத்துக்கொன்றாக. இரவுதோறும் அன்றைய நாளை எண்ணிப் பார்த்து, எக்குணத்தில் தவறினாரோ அக்கட்டத்தில் ஒரு கரும்புள்ளி இடுவார். வாரத்திற்கு ஒரு குணமே அவர் கருத்துக்கு உரியது. முதல் வாரம் மிதவுணவு. மற்றப் பன்னிரண்டும் எப்படியோ போகட்டும். புள்ளி மட்டும் விழட்டும். முதல்வரி புள்ளியின்றித் தூயதாயிருப்பின், அடுத்த வாரம் இரண்டாம் குணத்துக்குச் சென்று, இரு வரிகளையும் தூயனவாகக் காக்க முயலவேண்டும். இவ்வாறு பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று முடியும். ஓராண்டில் நான்கு சுற்று. களை மண்டிய தோட்டத்தை ஒரே நாளில் களையப் புகாது, ஒரு பாத்தியை முடித்து மறு பாத்திக்குச் செல்லும் தோட்டக்காரனைத் தமக்கு உவமையாக்கிக்கொண்டார்.

குணங்களை வைத்த வரிசையிலும் ஒரு நயம் உண்டு. உண்டிச் சுருக்கத்தால் தலை தெளியும். தெளிந்த தலை ஏனையவற்றைக் காக்கும். ஆகவே அது முதல். வீண் பேச்சிலும் சிலேடையிலும் தமக்கிருந்த ஆசையை ஒடுக்க நாவடக்கம் இரண்டாவது. ஒழுங்கால் படிப்புக்கு நேரம் கிட்டும். உறுதி படிந்துவிட்டால் பின்வருவனவற்றுக்கு அதுவே துணை. முன்னது பின்னதற்குப் படியாக அமைந்துள்ளமை காண்க. எதனை முதலில் எடுப்பது என்பதை எண்ணாமல், எது மிகக் கடினமோ அதனையே முதலில் பற்றி முறிந்துபோவது இளைஞர் இயல்பு.

நிற்க. பயன் யாதாயிற்று? தாம் நினைத்திருந்ததைவிடத் தம்மிடம் குற்றங்கள் மிகுதியாயிருக்கக் கண்டு அவர் வியப்புற்றார்; எனினும் அவை குறைந்து வருதலையும் கண்டு மகிழ்ந்தார். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் பழைய புள்ளிகளைச் சுரண்டியெடுத்தமையால் ஏடு முழுவதும் துளைகள் விழுந்தன. பின்னர்த் தந்தத் தகடுகளில் சிவப்பு மையால் நிலையான கோடுகள் இட்டு, காரீயப் பென்சிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். எல்லாவற்றிலும் அவரை அலைக்கழித்தது ஒழுங்கு என்னும் மூன்றாம் குணமே. இளமையில் நினைவாற்றல் மிகுந்திருந்தமையால் பொருளை வைத்த இடத்தில் வைக்கும் பழக்கம் அவர்க்கு இல்லை. வாணிகம் செய்வோன் வருவோரின் வசதிக்குத் தக்கபடி நடக்கவேண்டியுமிருந்தது. இம்முயற்சியைக் கைவிட அவர் ஏறத்தாழத் துணிந்தேவிட்டார். அந்நிலையில் அவர் தம்மேல் ஏற்றிச் சொல்லும் கதை சுவையுடையது. கோடரி வாங்கிய ஒருவன், அதன் முனைபோல் உடல் முழுவதும் பளபளக்க வேண்டும் என்றான். கொல்லன், சாணைச் சக்கரத்தை நீ சுற்றினால் தீட்டித் தருவேன் என்றான். சுற்றிச் சுற்றிக் களைத்தவன் போதும் என்றான். இன்னும் புள்ளிகள் உள்ளனவே, சுற்று என்றான் கொல்லன். ஆம், ஆயினும் எனக்குப் புள்ளிக் கோடரியே பிடித்திருக்கிறது என்றானாம் அவன். நாம் தோல்வியை விருப்பமென்று பெயரிட்டு அழைக்கும் விதத்தை இதனினும் நன்றாக எடுத்துரைத்தல் அரிது.

இனி, ஒரு வாரம் ஒரு பழக்கத்துக்குப் போதுமா என்பது கேட்கத்தக்க வினா. லண்டன் யூனிவர்ஸிடி காலேஜைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, 2010-ஆம் ஆண்டுப் பத்திரிகையொன்றில் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் நாளுக்கொருமுறை செய்யத்தக்க எளிய செயலொன்றை மேற்கொண்டனர். அச்செயல் தானே நிகழும் பழக்கமாக ஊன்றுதற்கு, நடுவளவாக 66 நாட்கள் ஆயின. சிலர்க்கு 18 நாட்களே போதும், சிலர்க்கு 254 நாட்கள் ஆகக்கூடும் எனக் கணக்கிட்டனர். ஆகவே ஏழு நாட்களில் ஒரு குணம் கைவந்துவிடும் என எண்ணுதல் பேதைமை. பிராங்கிளினும் அவ்வாறு எண்ணவில்லை. ஆண்டுக்கு நான்கு சுற்று என்று அவர் வகுத்ததே அதற்குச் சான்று. அதே ஆராய்ச்சியில் வேறொரு செய்தியும் தெரியவந்தது. ஒருநாள் தவறுவதால் பழக்கம் உருவாவதற்குக் குறிப்பிடத்தக்க கேடு விளைவதில்லை. நம்மைக் கெடுப்பது தவறிய நாளன்று. தவறிவிட்டதே என்று மறுநாளையும் உடன்விடுதலேயாம்.

இம்முறையின் குறையொன்றையும் கூறாது விடுதல் நேர்மையன்று. பட்டியலில் எட்டாவது நீதி. அக்கட்டத்தை இரவுதோறும் நோக்கிய அவர் வீட்டிலேயே பிற்காலத்தில் ஆப்பிரிக்க அடிமைகள் பணிசெய்தனர்; அவர் 1729 முதல் நடத்திய பென்ஸில்வேனியா கெஜட் என்னும் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் அச்சாயின. அவற்றுக்காக அவர் புள்ளி இட்டதாக அவரது சுயசரிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. கண்ணுக்குத் தென்பட்ட குற்றத்துக்கே புள்ளி விழும். ஊரார் அனைவரும் செய்வது குற்றமாகத் தென்படுவதில்லை. முதுமையில் அவர் மனம் மாறிற்று. 1787-இல் பென்ஸில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமை முறையை ஒழிக்குமாறு அமெரிக்கக் காங்கிரஸுக்கு அச்சங்கம் விடுத்த விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் காலமானார். அவருடைய சிற்றேட்டில் கோடிட எனக்கு விருப்பமுண்டாயினும், அதில் கோடிடாத பதினான்காம் வரி எனக்கும் ஒன்று இருக்குமே என்னும் அச்சம் இதனை எண்ணுந்தோறும் எழுகின்றது.

என் கதை சிறிது. இண்டர்மீடியட் வகுப்பில் பயின்றபொழுது என் மூன்றாம் அட்டவணை கிழிந்ததைக் கண்ட ஆசிரியர் ஒருவர், “தம்பி, வீட்டில் சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தை எவரேனும் அட்டவணை எழுதியா செய்கிறார்கள்? நாள் ஒன்று, வேலை ஒன்று, அதனாலேயே நிற்கிறது” என்றார். வாரத்தில் எனக்கு விளங்காத பாடம் யாதோ, அதனைச் சனிக்கிழமை இரவு விளக்கணைப்பதற்குமுன் என் சொந்த நடையில் ஒரு பக்கம் எழுதவேண்டும் என்பது அவர் விதித்த விரதம். விளங்காததை எங்ஙனம் எழுதுவது என்று கேட்டேன். எந்த வரியில் விளங்காமற் போகிறதோ அதுவரை எழுது என்றார். முதற்பக்கத்தில் நான்கு வரிகளே எழுத முடிந்தது. ஆயினும் அந்நான்காம் வரி எதுவென்று அறிந்தமையால், திங்கட்கிழமை வகுப்பில் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வினா எழுப்பினேன். அவ்வாண்டில் 34 வாரங்கள். காய்ச்சலால் இரண்டும், ஊர்த்திருவிழாவால் ஒன்றும், யாதொரு காரணமுமின்றி மூன்றும் தவறின. தவறிய வாரத்திலும் பக்கத்தை விட்டுவிடாமல் தேதியை மட்டும் எழுதிவைக்குமாறு ஆசிரியர் கட்டளையிட்டிருந்தார். அவ்வெறும் பக்கங்களைப் புரட்டுவதற்கு எனக்கு இன்றும் வெட்கமே. எழுதிய பக்கங்களைப் பற்றியோ, ஆங்காங்கு இலக்கணப் பிழை மலிந்திருப்பினும், வெட்கமில்லை.

1784-இல், தம் எழுபத்தெட்டாம் வயதில், பாரிஸ் நகருக்கு அணித்தான பாஸ்ஸி என்னும் ஊரில் அமர்ந்து இம்முயற்சியின் வரலாற்றை எழுதிய பிராங்கிளின், சில ஆண்டுகளுக்குப் பின்னர்ச் சுற்றுகள் ஆண்டுக்கு ஒன்றாகவும், பல ஆண்டுகளுக்கு ஒன்றாகவும் குறைந்து, பிரயாணங்களாலும் அலுவல்களாலும் முற்றும் நின்றுபோயின என்கின்றார். ஆயினும் அச்சிற்றேட்டை எங்குச் சென்றாலும் உடன்கொண்டு சென்றாராம். சுயசரிதத்தின் அப்பகுதி ஒருநாள் மாலையில் படித்து முடிக்கத்தக்க அளவினது, ஆங்கிலமும் எளியது. ஏழு பத்தியும் பதின்மூன்று வரியுமாகக் கோடிட்ட தாளொன்றை நான் வைத்திருக்கின்றேன். வரைந்துகொள்ள விரும்பும் மாணவர் சனிக்கிழமை மாலையில் வந்தால் காட்டத் தடையில்லை. என் 6 வெறும் பக்கங்களையும் கேட்டால் காட்டுவேன்.