உயரமெல்லாம் வளர்ச்சியல்ல!

வேத பாடம்
வாசிக்க: மத்தேயு 13:3-23
மனப்பாட வசனம்: கொலோசெயர் 2:7



பரலோக ராஜ்யத்தின் இரகசியத்தை நம் ஆண்டவர் விதையை வைத்தே விளக்கினார். இந்த வாரம் உங்க பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வீட்டிலேயே ஒரு விதையைக் கவனித்துப் பாருங்க. ஒரு பிடி காராமணி (தட்டைப்பயறு), 2 கண்ணாடி டம்ளர், கொஞ்சம் பஞ்சு இருந்தால் போதும்.

பயறை ராத்திரி ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்துவிடுங்க. டம்ளருக்குள் பஞ்சை அடைத்து நனையுங்க. கண்ணாடிக்கும் பஞ்சுக்கும் நடுவே, வெளியே தெரியும்படி, டம்ளருக்கு 4 பயறு செருகுங்க. பஞ்சு ஈரமாயிருந்தால் போதும். தண்ணீர் தேங்கினால் காற்றுக் கிடைக்காமல் விதை அழுகிவிடும். ஒன்றை வெளிச்சமுள்ள ஜன்னலிலும், மற்றதை மூடிய அலமாரியிலும் வையுங்க. இரண்டிலும் பஞ்சு காயாமல் தண்ணீர் தெளியுங்க.

1. முதலில் வேர்

2, 3 நாளில் விதை வெடித்து முதலாவது வெளியே வருவது இலையல்ல, வேர். டம்ளரைச் சாய்த்து வைத்தாலும் வேரின் நுனி திரும்பிக் கீழேதான் போகும். மண்ணில் போட்டிருந்தால் இந்த வேலை நமக்குத் தெரிந்திராது; "ஒண்ணும் முளைக்கலையே" என்று தோண்டிப் பார்த்திருப்போம். புதிதாய் இரட்சிக்கப்பட்ட ஆத்துமாவையும் நாம் அப்படித்தானே அவசரப்படுத்துகிறோம்! கற்பாறை நிலத்தில் முளை வராமலா போயிற்று? சீக்கிரமாகவே வந்தது. வேர்தான் இல்லை.

2. இருட்டிலும் உயரம் உண்டு

ஒரு வாரம் கழித்து அலமாரியைத் திறந்தால், "இதுதான் பெரிசா வளர்ந்திருக்கு!" என்று பிள்ளைகள் சொல்வார்கள். மெய்தான், ஜன்னல் செடியைவிட அது உயரம். ஆனால் நிறமோ வெளிறிய மஞ்சள். தண்டு மெலிந்து, இலை சரியாய் விரியாமல், நிற்கப் பெலனின்றிச் சாய்கிறது. ஏன்? விதைக்குள் இருந்த ஆகாரத்தையெல்லாம் வெளிச்சத்தைத் தேடி நீளுவதற்கே அது செலவழிக்கிறது. வெளிச்சமில்லாமல் பச்சையம் உண்டாகாது. பச்சையமில்லாமல் செடி தனக்கு ஆகாரம் உண்டாக்க முடியாது. விதையிலுள்ள சேமிப்பு தீர்ந்தால் மடிய வேண்டியதுதான்.

பிரியமானவர்களே, எழுப்புதல் கூட்டத்தில் கைதட்டித் துதிக்கிறோம், அந்நியபாஷையில் நிறைகிறோம். தேவனுக்கே மகிமை! அது நமக்கு வேண்டும். ஆனால் திங்கட்கிழமை வீட்டில் வேதம் திறக்கிறதா? கடையில் தராசு நேராய் நிற்கிறதா? மனைவியிடம் பேசும் வார்த்தை எப்படி? ஒருவருக்கும் காட்டாத மூடிய அலமாரி ஒன்று உள்ளத்தில் இருந்தால், போன கூட்டத்தின் பெலத்தில் எத்தனை நாள் ஓடும்?

ஜன்னல் செடி குட்டையென்று அற்பமாய் எண்ணாதேயுங்கள். மேடை ஏறாமல், விடியற்காலையில் முழங்காலில் நிற்கும் தாய்மார் நம் சபையில் இல்லையா? அவர்களுடைய வேரைக் கர்த்தர் அறிவார்.

3. இன்னும் நம்பிக்கை உண்டு

அலமாரிச் செடியை எறிந்துவிடாதீங்க. அதன் சேமிப்பு தீருமுன்னே ஜன்னலுக்குக் கொண்டுவாருங்க. ஓரிரு நாளில் மஞ்சள் இலை பச்சையாகத் தொடங்கும்! பின்மாறிப்போன மகனுக்காக அழுகிற தாயே, இதைப் பார்த்துத் திடன்கொள். மறைவில் வாழ்ந்து களைத்த சகோதரனே, 1 யோவான் 1:7-ஐ வாசித்துப் பார். வெளிச்சத்துக்கு வருகிறவனை ஆண்டவர் வெட்கப்படுத்துவதில்லை, கழுவிச் சுத்திகரிக்கிறார். ஆனால் தாமதிக்காதே. "அடுத்த கன்வென்ஷனில் பார்த்துக்கலாம்" என்று சொல்லாதே, இன்றே வா.

குடும்ப ஜெபத்தில் பேச:
1. இந்த வாரம் நம் வீட்டில் எத்தனை நாள் வேதம் வாசித்தோம்?
2. நம்மில் யாரை வேர்விடுமுன் அவசரப்படுத்துகிறோம்?
3. வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டிய காரியம் என்ன?

கர்த்தர்தாமே நம்மை வேரூன்றச் செய்வாராக. ஆமென்! அல்லேலூயா!