உடல் அளவும் உடல் நலமும்

உடற்பருமனை அறிய எடை மட்டும் போதாது. உயரத்தோடு ஒப்பிடல் வேண்டும். கிலோகிராம் எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கக் கிடைப்பதே உடல் நிறை குறியீட்டெண். பெல்ஜிய நாட்டறிஞர் கெட்லே இவ்விகிதத்தை 1832-இல் எடுத்துரைத்தார். 25 முதல் மிகை எடை என்பதும், 30 முதல் பருமன் என்பதும் உலகப் பொது வரையறை.

ஆயினும் இவ்வெண் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது. கொழுப்பு தங்கியுள்ள இடத்தையும் உணர்த்தாது. தெற்காசியர்க்குக் குறைந்த எடையிலேயே வயிற்றினுள் கொழுப்பு மிகுவதால் நீரிழிவும் இதய நோயும் எளிதில் பற்றுகின்றன. எனவே ஆசியர்கள் 23 என்னும் அளவிலேயே விழிப்படைதல் நலம் என்பதை, உலக சுகாதார நிறுவன வல்லுநர் குழுவின் அறிக்கை 2004-இல் உணர்த்தியது. இந்தியருள் ஆடவர்க்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., மகளிர்க்கு 80 செ.மீ. என்பவை அபாய எல்லைகளாகும்.

சான்றாக, 160 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உடைய ஆடவரின் குறியீட்டெண் 23.4. பொது வரையறைப்படி அவர் இயல்பான எடையினரே. ஆனால், அவருடைய இடுப்பு 94 செ.மீ. ஆயின், அவர் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்தறிதல் இன்றியமையாதது.

கடைசி விலா எலும்பிற்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிற்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்டபின், நாடாவை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்து அளப்பவர் தம்மையே ஏமாற்றிக் கொள்கிறார். அளவு நோயன்று, முன்னறிவிப்பு. அதனை மதித்து உணவைச் சுருக்கி, நாள்தோறும் நடந்து, உடலைப் பேணுவோமாக!