நில எடுப்பும் காலவரம்பும்

பொதுப் பயனுக்காகத் தனியார் நிலத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. எடுக்கப்போவதாக அறிவித்த அரசு எத்தனை காலத்துக்குள் எடுத்து முடிக்கவேண்டும் என்பதே வினா. 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் தொடக்கத்தில் இதற்கு எல்லை எதையும் வகுக்கவில்லை.

இது வெறும் நடைமுறைக் குறை அன்று. 1923-இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பின்னர், நான்காம் பிரிவின்படி முதல் அறிவிக்கை வெளியான நாளின் சந்தை மதிப்பே இழப்பீட்டிற்கு அடிப்படையாயிற்று. அதன் பிறகு ஆட்சியரின் இசைவின்றி உரிமையாளர் கிணறு வெட்டினாலும் அச்செலவு கணக்கில் சேராது. ஆகவே, விலை ஏறும் காலத்தில் தாமதத்தின் சுமை முழுவதும் அவர் மீதே விழுந்தது.

பிலாய் எஃகு ஆலைக்காகப் பதினொரு கிராமங்களைக் குறித்து 1949-இல் ஓர் அறிவிக்கை வெளியிடப்பட்டது. அதன் பேரில் ஆறாம் பிரிவு விளம்புகைகள் பகுதி பகுதியாக வந்தன. 1960-இலும் ஒன்று வந்தது. ஓர் அறிவிக்கைக்கு ஒரே விளம்புகைதான் இருக்கமுடியும் என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் 1967-இல் சட்டத்தைத் திருத்திப் பல விளம்புகைகளுக்கு வழிவிட்டது. ஆயினும், மூன்று ஆண்டு வரம்பையும் உடன் விதித்தது. நீதிமன்றம் அடைத்த கதவைப் பாதி திறந்தது எனலாம்.

1984-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பை ஓராண்டாகக் குறைத்தது. அதனினும் முக்கியமானது புதிதாகச் சேர்க்கப்பட்ட 11-அ பிரிவு. விளம்புகை வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்குள் இழப்பீட்டுத் தீர்வம் பிறப்பிக்கப்படாவிடில் நடவடிக்கை முழுவதும் காலாவதியாகும். நீதிமன்றத் தடையாணை நீடித்த காலம் மட்டும் இக்கணக்கில் சேராது. ஆனால், அவசர விதியின்கீழ் நிலம் ஏற்கெனவே அரசைச் சேர்ந்துவிட்டால் இப்பிரிவு பொருந்தாது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவசரம் எனச் சொல்லி எடுத்த நிலத்திற்கே தீர்வம் தாமதிக்கலாம் என்னும் இந்நிலை விந்தையானதே.

2014 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விளம்புகைக்குப் பன்னிரண்டு மாதமும், அதிலிருந்து தீர்வத்திற்குப் பன்னிரண்டு மாதமும் அளிக்கிறது. காரணங்களைப் பதிவுசெய்து இவ்வரம்புகளை அரசு நீட்டிக்கலாம். இந்தச் சலுகை வழக்கமாகிவிட்டால் வரம்பு பெயரளவிலேயே நிற்கும்.

பழைய சட்டப்படி ஐந்து ஆண்டுகளுக்கோ அதற்கும் முன்னரோ தீர்வம் பெற்ற நிலங்கள் குறித்து 24(2) பிரிவு பெரும் வழக்குகளை எழுப்பியது. சுவாதீனம் எடுக்காமலும் இழப்பீடு வழங்காமலும், ஆகிய இரு குறைகளும் சேர்ந்திருந்தால் மட்டுமே நடவடிக்கை காலாவதியாகும் என்று 2020 மார்ச்சில் ஐவர் அமர்வு முடிவு செய்தது. சுவாதீனம் எடுத்ததற்குச் சாட்சிகள் முன் எழுதப்பட்ட பஞ்சநாமாவே போதும் என்றும் அத்தீர்ப்பு ஏற்றது. எனவே, அந்தத் தாளில் இடப்படும் தேதி எத்தகையது என்பதை வருவாய்த்துறை அலுவலர்கள் உணர்ந்திருத்தல் வேண்டும்.