போடாத கோதுமைக்குப் பணம் வருமா?

கேள்வி: மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். கன்சாஸ் மாநிலத்தில் ஒரு கிராமப்புறக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி). அங்கே ஒரு விவசாயி, "2019இல் அந்த நிலத்தில் சோளம்தான் போட்டேன். ஆனால் கோதுமை விலை இறங்கியதற்கு அரசு பணம் கொடுத்தது" என்றார். போடாத பயிருக்கு எப்படிப் பணம் வரும்? என்னிடம் விளையாடினாரா?
– ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: விளையாடவில்லை. அவர் சொன்னது சட்டப்படியே நடப்பதுதான்.

அங்கே கவுண்டிக் கணக்கில் ஒவ்வொரு பண்ணைக்கும் ‘பேஸ் ஏக்கர்’ என்று ஒரு பதிவு உண்டு. அந்த நிலத்தில் முன்பு எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் சாகுபடியானது என்பதை வைத்து நிர்ணயித்தது. விலை வீழ்ச்சிக்கான பணம் இந்தப் பதிவைப் பார்த்துத்தான் வரும். இந்த வருடம் என்ன விதைத்தீர்கள் என்பது கணக்கில் வராது. காரணம் இருக்கிறது. விதைத்த பயிருக்குத்தான் பணம் என்றால், எல்லோரும் அதையே விதைப்பார்கள்; விலை இன்னும் விழும்.

அவருடைய கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2018ஆம் ஆண்டு விவசாயச் சட்டம் கோதுமைக்கு வைத்த ஆதார விலை புஷலுக்கு 5.50 டாலர். ஒரு புஷல் என்பது சுமார் 27 கிலோ. 2019 விளைச்சலுக்குச் சந்தையில் கிடைத்த சராசரி விலை 4.58 டாலர். துண்டு விழுந்தது 92 சென்ட். பேஸ் 100 ஏக்கர், பதிவான விளைச்சல் ஏக்கருக்கு 40 புஷல் என்று வைத்துக்கொள்வோம். 85 சதவீத ஏக்கருக்குத்தான் பணம் என்பது விதி. ஆக 0.92 × 40 × 85 = 3,128 டாலர். பிடித்தம் இருந்தால் கொஞ்சம் குறையும்.

இது ஒரு திட்டம்தான். கவுண்டியில் அந்தப் பயிரின் சராசரி வருமானம் குறைந்தால் பணம் தரும் திட்டம் இன்னொன்று. பயிர்க் காப்பீட்டில் பிரீமியத்தின் பெரும்பகுதியை அரசே கட்டுகிறது. சீனாவோடு வரிச்சண்டை நடந்தபோது, 2019இல் கவுண்டிக்குக் கவுண்டி வேறு வேறு தொகை வைத்து, ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை தனியாகக் கொடுத்தார்கள். காப்பீடு தவிர மற்றவற்றுக்கு விண்ணப்பம் வாங்குவது உள்ளூர் பண்ணைச் சேவை அலுவலகம். அதை மேற்பார்வையிடும் குழுவை விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பணம் கடைசியில் யார் கையில் நிற்கிறது என்பதுதான் விஷயம். ஏக்கர் கணக்கில் வருவதால், நிலம் பெருகப் பெருகப் பணமும் பெருகும். ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்று உச்சவரம்பு இருந்தது. 2025இல் அதை 1,55,000 ஆக்கினார்கள். கூட்டுப் பண்ணை என்றால் ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனி வரம்பு. 2018ஆம் ஆண்டு சட்டம் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா பிள்ளைகளையும் குடும்பப் பண்ணையின் பங்காளிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழிவிட்டது.

அமெரிக்க விவசாய நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் குத்தகைக்கு ஓடுகிறது. ரொக்கக் குத்தகை என்றால் பணம் உழுகிறவருக்கு; வாரம் என்றால் இருவருக்கும் பங்குப்படி. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நிலத்தோடு அரசுப் பணமும் வரும் என்று தெரிந்த நிலச்சொந்தக்காரர், அடுத்த முறை குத்தகையை ஏற்றிவிடுவார். பணத்தில் ஒரு பகுதி அப்படியே அவர் கைக்குப் போய்விடும்.

நம் பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். குத்தகைக்காரர் கணக்கிலேயே இல்லை. அமெரிக்காவில் அவர் காகிதத்தில் இருக்கிறார், ஆனால் பணம் கையில் முழுதாக நிற்பதில்லை.

அடுத்த முறை போகும்போது அந்த விவசாயியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: நிலம் சொந்தமா, குத்தகையா? குத்தகை என்றால், கடைசியாக எப்போது ஏற்றினார்கள்?